காணும் கண்ணும் பேணும் கையும்

நோயாளியைப் பேணும் பணிக்கு அரபு மொழியில் 'தம்ரீள்' என்று பெயர். நோய் எனப் பொருள்படும் 'மரள்' என்னும் சொல்லோடு அது ஒரே வேரைச் சேர்ந்தது. அவ்வேர் ஒரு வடிவில் நோயுறச் செய்தலைக் குறிக்கும். மற்றொரு வடிவில் நோயாளியின் அருகே நின்று பொறுப்பேற்றலைக் குறிக்கும். இன்றோ அருகே நில்லாமலேயே நோயாளியைக் கவனிக்கும் கருவிகள் வந்துவிட்டன. கவனித்துவிட்டால் பேணியதாகுமா?

கருவியை இகழ்வது அறிவுடைமையன்று. நீரிழிவால் சிறுநீரகம் கெடும்போது தொடக்கத்தில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. சிறுநீரில் 1 கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் காணப்பட்டு, அந்நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது பாதிப்பின் அடையாளம். அன்பு நிறைந்த கண்ணும் முகத்தைப் பார்த்து இதை அறிய இயலாது.

சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி அமெரிக்காவில் முதன்முதலாக 1999இல் ஒப்புதல் பெற்றது. இன்று மேற்கையில் ஒட்டிய சிறு உணரியொன்று, அளவு தாழ்ந்தால் நள்ளிரவிலும் கைப்பேசி வழியே எச்சரிக்கிறது. இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்திற்கும் பங்குண்டு. அது தளர்ந்தால் வழக்கமான மருந்தே மிகையாகிவிடும். ஆதலால் இந்த எச்சரிக்கை உயிர் காப்பது.

என் நண்பர் ஒருவரின் அளவுகளை வளைகுடா நாட்டிலிருக்கும் அவர் மகன் தன் கைப்பேசியில் பார்த்து வந்தான். மூன்று இரவுகள் எச்சரிக்கை ஒலித்தது. மூன்று முறையும், "வாப்பா, உடனே சர்க்கரை கரைத்துக் குடியுங்கள்" என்று அழைத்துச் சொன்னான். அளவு ஏறியதும் உறங்கச் சென்றான். நான்காம் நாள் வீட்டிற்கு வந்த செவிலியர் அருகே அமர்ந்து, "இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். குமட்டலால் இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவதையும், ஊசியை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வதையும் நண்பர் அப்போதுதான் சொன்னார். சமைத்த மருமகள் மனம் வருந்துவாளே என்று அதுவரை மறைத்திருந்தார். செவிலியர் மருத்துவரிடம் தெரிவித்தார். மருந்தின் அளவு குறைக்கப்பட்டது.

மகனிடம் அன்பு இல்லாமலில்லை. ஆனால் எண் தாழ்ந்ததைக் கண்டவன், ஏன் தாழ்ந்தது என்று கேட்கவில்லை. அறியாதவனுக்குச் சாக்கு உண்டு. அறிந்தவனுக்கு அது இல்லை. ஆகவே கருவி நம் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டியே இருக்கிறது. அந்த எண்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அவற்றை வைத்து முதியவரைக் குற்றவாளியாக்கி, "என்ன தின்றீர்கள்?" என்று அதட்டுவதும், ஊராரிடம் பேசித் திரிவதும் அந்த அமானத்துக்குச் செய்யும் துரோகமே.

மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். கருவி மிச்சப்படுத்தும் நேரம் நோயாளியோடு அமர்ந்து பேசப் பயன்படுமானால் அது நன்மை. செவிலியரின் எண்ணிக்கையைக் குறைக்கவே பயன்படுமானால், அருகே நிற்க ஆளின்றிப் போகும். அதற்குத் தம்ரீள் என்ற பெயர் பொருந்துமா?