பண்டும் மூப்பும்

குமரி மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோடு பக்கத்தில், ‘பண்டு’ இன்றும் வாயில் புழங்கும் சொல். பாட்டா காலத்துச் சங்கதியை அந்த ஒரு சொல்லால் தொடங்கிவிடுவார்கள். தமிழ்நாட்டின் பிற ஊர்களில் அது பெரும்பாலும் எழுத்தோடு நின்றுவிட்டது. பண்டு காலத்தைச் சுட்டுவது; மூப்பு உடம்பைச் சுட்டுவது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பழையதெல்லாம் தளர்ந்தது என்று ஒரு சாராரும், பழையதெல்லாம் புனிதம் என்று மறு சாராரும் வழி தவறுகிறார்கள். நாஞ்சில் நாட்டு வழிபாட்டில் இந்தக் குழப்பம் இல்லை. நவராத்திரிக்குச் சுசீந்திரத்திலிருந்து திருவனந்தபுரம் எழுந்தருளும் தேவிக்கு முன்னுதித்த நங்கை என்று பெயர். முந்தித் தோன்றியவள்தான், ஆனாலும் நங்கை. குமரி முனையில் ஒரு தேவி நீராடினாள் என்ற நம்பிக்கையைக் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்புளூசே பதிந்திருக்கிறது. அத்தனை பழைய தேவிக்கு இன்றும் குமரி என்றே பெயர். தொன்மை கூடியிருக்கிறது, வயது ஏறவில்லை.

இம்மாவட்டத்துத் தேவாலயங்களில் வாசிக்கப்படும் தானியேல் புத்தகம் இதற்கு மாறாகத் தோன்றலாம். அதன் ஏழாம் அதிகாரம் கடவுளை ‘நீண்ட ஆயுசுள்ளவர்’ என்று அழைத்து, வெண்பஞ்சு போன்ற தலைமயிரையும் தருகிறது. ஆனால் அவர் அங்கே நியாயாசனத்தில் வீற்றிருக்கிறார். அரசுகள் அவர்முன் தீர்ப்புக்கு நிற்கின்றன. வெளிப்படுத்தின விசேஷம் அதே வெண்மையை, சூரியனைப் போல ஒளிரும் முகத்தோடு, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவுக்குத் தருகிறது. அந்த நரை தளர்ச்சியைக் குறிக்கவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு நம் வரலாற்றிலேயே உண்டு. தொன்மைக்குத் தலைவணங்கினால் கொடிய வழக்கங்களுக்கும் தலைவணங்க நேராதா? திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றவர்கள் பழைய மாமூலைத்தான் காட்டினார்கள். மார்பை மறைக்க அனுமதிக்கும் அரச அறிவிப்பு 1859இல் வரும்வரை அடியும் கலவரமும் ஓயவில்லை. இந்த வலியை மறந்து தொன்மையைப் போற்றுவது அநியாயம். ஆனால் அந்த ஒடுக்குமுறைக்கு, அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர் தந்த மறுமொழியையும் பார்க்க வேண்டும். பழமையே பொய் என்று அவர் வழி சொல்லவில்லை. அவ்வழியின் புனித நூலான அகிலத்திரட்டு யுகங்களின் கதையை முதலிலிருந்து சொல்லி, மிதிக்கப்பட்டவர்களைத் தெய்வ வழிவந்த சான்றோர் என்கிறது. அவர்களை மிதித்த முறையைக் கலியின் வேலை என்கிறது. மாமூல் தன்னைப் பழையது என்றது. அகிலமோ அதைப் பின்னால் வந்து புகுந்த கேடாகக் கண்டு, அதற்கு முந்திய ஒரு மானத்தை முன்வைத்தது. அய்யாவழியின் தலைமைப்பதியான சாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகை கட்டிக் கண்ணாடிமுன் நின்று வணங்குவது அந்த மானத்தை மீட்டுக்கொண்டதன் அடையாளம்.