வினையும் கூலியும்

தூத்துக்குடியினின்று திருச்செந்தூர் செல்லும் நெறியில், ஆறுமுகனேரியை அடுத்துள்ளது சாகுபுரம். உப்பளங்கள் சூழ்ந்த அவ்வூரில் 1950-களின் இறுதியில் ஆலையொன்று எழுந்தது. உப்பினின்று காஸ்டிக் சோடா எடுக்குந் தொழில் அதனால் அங்கு நிலைபெற்றது. செந்திற்பெருமானை வழிபடச் செல்லும் அன்பர் பலர், அவ்வழியே உப்பளத்து வெயிலில் வெறுங்காலோடு நிற்பாரைக் கண்டு, ‘எல்லாம் அவர் செய்த வினை’ என மொழிந்து மேற்செல்லுதல் உண்டு. மொழிவோர் சைவராகலின், இச்சொல் நம் சித்தாந்தத்தோடு பொருந்துமோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

இக்கொள்கையுடையார் கூறுமாறு: பிராரத்தம் புசித்தன்றித் தீராது. குறைந்த கூலியும் நெடிய வேலையும் ஒருவனுக்குப் பிராரத்தமாயின், அதனை மாற்ற வேலை கொள்வோன் யார்? அன்றியும், துன்பம் மலபரிபாகத்துக்குத் துணையாதலின், தொழிலாளர்பால் கடுமையும் ஒருவகை அருளேயாம், என்பர்.

இவற்றுள் முன்னையது ஆராய்ச்சியின்றிக் கூறப்பட்டது. வினை சடம், அது தானே வந்து பயனை ஊட்டமாட்டாது. உயிர் சிற்றறிவுடையதாகலின், தன் வினைப்பயனைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ளவும் மாட்டாது. இருவினைப் பயனை உயிர்களுக்குக் கூட்டுவிப்பது முதல்வனது ஆணையே என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தால் துணியப்பட்டது. அவ்வாணையை ஆலையின் மேலாளரிடம் ஒப்புவித்தார் யாவர்? தொழிலாளியின் சஞ்சிதத்துள் எஞ்சி நிற்பது எத்துணை என்று அவர் கண்டாரல்லர். அவர் செய்யத்தக்க கூலியைச் செய்யாது விடுதல், அவருக்கு அன்றே ஈட்டப்படும் ஆகாமியமாம். நோயும் பிராரத்தமே, அதுபற்றி மருந்தை மறைத்து வைக்கும் மருத்துவனை எவரும் சிவநெறியாளன் எனப் புகழார். இன்னும் ஒன்று: தமக்கு வந்த ஊதியத்தைத் தம் புண்ணியம் என்றும், கூலியாளின் பசியை அவன் பாவம் என்றும் உரைப்பவர், அவன் கேட்டுப் பெற்ற கூலியுயர்வை மட்டும் அவன் புண்ணியம் என்று ஏனோ உரையார்!

பின்னையது சிறிது நுண்ணிது. மறக்கருணை என்பது சித்தாந்தத்தில் உண்டு. அதனை மறுப்பார் இலர். ஆயின், அக்கருணைக்கு உரியவன் யாவன்? ஐந்தொழிலால் தனக்கென ஒரு பயனும் வேண்டாத முதல்வன். ஆலையுடையான் இரு நாழிகை மிகுதியாக வேலை வாங்கின், அவ்விரு நாழிகையின் பொருள் அவன் பெட்டியுட் புகுகின்றது. கொடுமையினால் ஊதியம் அடைகின்றவன் அக்கொடுமையைக் கருணை என்பது, தன்னையும் மறைத்துப் பிறவற்றையும் மறைக்கும் ஆணவத்தின் இயல்புக்குத் தக்க எடுத்துக்காட்டாம். ஓர் அதிகாரியின் கண்டிப்பு கருணையோ அன்றோ என்று அறிய விரும்பின், அதனால் பயனடைவோர் யாவர் என்று வினவுதலே போதும். இடருள்ள இடத்தில் முகக்கவசமின்றி வேலை செய்யாதே எனக் கண்டிப்பது ஒருவகை. நோயுற்ற நாளுக்குக் கூலி பிடிப்பது மற்றொருவகை.

இக்கரையிலேயே நிகழ்ந்த ஒரு செய்தி நம் நினைவுக்கு வருகின்றது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலியுயர்வும் வார ஓய்வும் வேண்டி வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்க்குத் தலைவராய் நின்றவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள், சுப்பிரமணிய சிவா உடனிருந்தார். மார்ச்சு முதல் வாரத்தில் நிருவாகம் இணங்கிற்று. கூலி உயர்ந்தது, ஞாயிறு ஓய்வுநாளாயிற்று. பிள்ளையவர்களோ அம்மார்ச்சு 12-ஆம் நாள் சிறைப்பட்டார். கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கைத் தாம் இழுத்தார். அவரே 1935-இல் சிவஞானபோதத்துக்கு உரை வெளியிட்ட சைவர் என்பதை நம்மவருட் பலர் மறந்தனர். வினையுண்மையை நன்கு கற்றவர், தொழிலாளரை நோக்கி ‘பொறுத்திரும்’ என்று மட்டும் சொல்லி அமைந்தாரில்லை.

அக்காலத்து ஆங்கில முதலாளிகள் ஆலையாட்களைக் ‘கைகள்’ என்னும் பொருள்படும் சொல்லாலேயே கணக்கெழுதினர். இத்தனை கை வந்தன, இத்தனை கை வரவில்லை! நம் சாத்திரமோ உயிரை, வேடரிடை வளர்ந்து தன்னை மறந்திருக்கும் மன்னவன் மகனாகக் காட்டுகின்றது. இக்காலத்து அலுவலகங்களில் ஆட்களைப் பிற சொற்களாற் சுட்டுகின்றனர். எண்ணி வைக்கும் மனம் மட்டும் அதுவே. மன்னவன் மகன் என்று அறிந்தபின், அவனுக்கு நிழலும் குடிநீரும் தருதல் தானமாக எண்ணப்படாது.

தலைமையின் இயல்பை இக்கரை முத்துக்குளிப்போரும் நன்கறிந்திருந்தனர். தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்புகள் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தன. கல்லைத் துணையாகக் கொண்டு ஆழத்தில் இறங்குவான் ஒருவன்; படகின்மேல் கயிறு பிடித்து நிற்பான் ஒருவன். கீழுள்ளவன் கயிற்றை அசைத்தவுடன் மேலுள்ளவன் இழுத்தல் வேண்டும். அவன் கவனம் சிப்பிக் குவியலின்மேற் சென்றால் உயிர் போம். மேலே நிற்றல் அவனுக்கு வாய்த்தது கீழுள்ளவன் மூச்சின் பொருட்டே. தொழிலாளர் தலைவர்க்கும் இது பொருந்தும். தம் பெயர் ஓங்குதற்காகப் பிறரைப் பட்டினியிருக்கச் செய்வாரும் கயிற்றை விட்டவரே. அவரைப்பற்றி விரிப்பின் பெருகும்.

இவ்வளவும் ஆலைக்கேயன்றோ, நமக்கென்ன என்று மடத்தாரும் கோயிலாரும் அமைந்திருக்க இயலாது. ஓதுவார், பரிசாரகர், திருமடைப்பள்ளியில் தீமுன் நிற்போர், பண்ணையில் உழைப்போர் ஆகிய இவரெல்லாம் நம்பால் கூலி பெறுவோரே. ‘சிவத்தொண்டு’ என்னும் பெயரால் அவர்க்குரிய ஊதியத்தைக் குறைப்பது மேற்கூறிய வினைவாதத்தினும் இழிந்தது. பின்னையதில் இறைவன் பெயரும் கணக்கிற் சேர்க்கப்படுகின்றது. தொண்டு, செய்வோன் தானே மனமுவந்து அளிப்பது. பிறர் அவனிடமிருந்து பிடித்துக்கொள்ளத் தக்கதன்று. குருபூசை நாட்களில் ஆயிரவர் அமுது செய்தனர் என்று பத்திரிகைகட்கு எழுதுகின்றோம். அன்று சமைத்தவர் எந்நேரத்தில் உண்டார், மறுநாள் ஓய்வு பெற்றாரா என்பதையும் அக்கணக்கிலேயே எழுதி வைக்குமாறு, வருகின்ற குருபூசை தொடங்கி, ஆதீனத்தாரையும் கோயில் நிருவாகத்தாரையும் வேண்டிக்கொள்ளுகின்றாம்.