கேட்காததையும் சொல்ல வேண்டுமா?

அமெரிக்காவில் டாலஸ், ஹூஸ்டன் பக்கம் படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் பருவம் முடிவதற்குள் கார் தேடத் தொடங்கிவிடுவார்கள். அங்கே பல இடங்களில் கார் இல்லாமல் அரிசி வாங்கக்கூடப் போக முடியாது. விற்பவர் பல நேரங்களில் வேலை மாறியோ ஊருக்குத் திரும்பியோ போகிற இன்னொரு தமிழர். பழைய கொரோலா, ஓட்டமும் அதிகமில்லை, விலை மட்டும் சந்தையைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. "ஏன்ணா இவ்வளவு கம்மி?" என்று பையன் கேட்கிறான். "டைட்டில் ரீபில்ட், தம்பி. மத்தபடி வண்டி நல்லா ஓடும்" என்கிறார் அண்ணன். சட்டம் சொல்லச் சொன்னதை அவர் சொல்லிவிட்டார். பையனும் அதற்குமேல் கேட்கவில்லை.

டைட்டில் என்பது மாநில அரசு தரும் உரிமைப் பத்திரம். விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய காரைச் சரிசெய்வது கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் கணக்குப் போட்டால், உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள்ளும். பத்திரத்தில் 'சால்வேஜ்' முத்திரை விழும். கார் ஏலத்துக்குப் போகும். யாரோ ஒரு மெக்கானிக் அதை எடுத்துத் தட்டி நிமிர்த்தி, மாநிலம் கேட்கும் தாள்களைக் கொடுத்தால் முத்திரை 'ரீபில்ட்' என்று மாறும். அதன் பிறகுதான் சாலையில் ஓட்டலாம். அப்போதும் வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது; முழுக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் யோசிக்கும்.

இந்த முத்திரையை எப்போது குத்துவது என்பதிலேயே ஒற்றுமை இல்லை. ஓக்லஹோமாவில் பழுதுச் செலவு கார் மதிப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டினால் போதும். ரெட் ஆற்றைக் கடந்து டெக்சாஸுக்குள் வந்தால் 100 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். ஒரே அடி வாங்கிய இரண்டு கார்களில் ஒன்றுக்கு வடகரையில் முத்திரை விழும், தென்கரையில் மற்றொன்று சுத்தப் பத்திரத்தோடு விற்பனைக்கு நிற்கும். இதைப் பயன்படுத்தி, முத்திரை விழுந்த காரை விதி தளர்ந்த மாநிலத்தில் பதிந்து புதுப் பத்திரம் வாங்கும் 'டைட்டில் வாஷிங்' என்ற தொழிலே நடந்தது. அதைத் தடுக்கத்தான் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நாடு தழுவிய பதிவேடு ஒன்று உருவானது. பொதுமக்கள் அதைப் பார்க்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முத்திரை உண்மைதான், ஆனால் அரைகுறை உண்மை. ஆலங்கட்டி மழையில் கூரை முழுக்கக் குழிவிழுந்த காரும் கழுத்தளவு வெள்ளத்தில் கிடந்த காரும் ஒரே சொல்லைச் சுமக்கலாம். முதல் காருக்கு அழகு மட்டும்தான் போயிருக்கும். இரண்டாவதில் தண்ணீர் ஒயர் இணைப்புகளுக்குள் புகுந்து, மாதக்கணக்கில் துருவை வளர்த்து, நெடுஞ்சாலையின் நடுவில் ஒருநாள் கணக்குத் தீர்க்கும். 2017இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது நனைந்த கார்கள் லட்சக்கணக்கில். இந்தியாவில் இந்த அரைகுறைச் சொல்கூடக் கிடையாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த காரின் ஆர்.சி. புத்தகத்தில் அதைச் சொல்லும் வரியே இல்லை. அங்கிருந்து வரும் பையனுக்கு 'ரீபில்ட்' என்றால் ஏதோ என்ஜின் வேலை பார்த்த வண்டி என்றுதான் தோன்றும்.

வாங்குபவருக்குத் தெரியாதது விற்பவருக்குத் தெரியும் என்பதை வைத்தே பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல காரையும் மோசமான காரையும் பிரித்தறிய முடியாத சந்தையில் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கிடைக்கும், அந்த விலைக்கு நல்ல காரை யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்பது வாதம். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பியனுப்பின. 2001இல் வேறு இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டுரை வெளிவருவதற்கு முன்பு அவர் ஓராண்டு இந்தியாவில் இருந்தார். கடை அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குவதை அந்தக் கட்டுரையிலேயே உதாரணமாகச் சொல்கிறார். பழைய காரும் கல் கலந்த அரிசியும் அவருக்கு ஒரே கதைதான்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆலங்கட்டிக் கார் வைத்திருப்பவருக்கு நிறையச் சொல்வதே லாபம். ஏலத்தில் எடுத்தபோது பிடித்த படங்கள், உதிரிபாக ரசீதுகள், மெக்கானிக்கின் சோதனைத் தாள் எல்லாவற்றையும் விரித்து வைத்தால் வெள்ளக் காரிலிருந்து தன் காரைப் பிரித்துக் காட்டலாம். நேர்மையும் லாபமும் கைகோத்து நிற்கும் இடம் இது. இங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

சொன்னால் நஷ்டம் என்னும் இடத்தில்தான் சிக்கல். கி.மு. 44இல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ தன் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' நூலில் இரண்டு ஸ்டோயிக் ஞானிகளை இதற்காகவே மோதவிடுகிறார். குறைகள் நிறைந்த வீட்டை ஒருவன் விற்கிறான். குறைகள் அவனுக்கு மட்டும் தெரியும். சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், யாரும் உன்னை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே என்பது டயோஜெனிஸின் கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபாட்டரோ எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார்.

டயோஜெனிஸை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. வாங்குபவனுக்கும் கண் இருக்கிறது. நூறு, இருநூறு டாலர் கொடுத்தால் எந்த மெக்கானிக்கும் காரைத் தூக்கிப் பார்த்துச் சொல்வார். அந்நியனிடம் வாங்கும் எவரும் அதைச் செய்வார்கள். இங்கே பையன் செய்ய மாட்டான், ஏனென்றால் விற்பவர் 'அண்ணா'. ஊர்க்காரரைச் சந்தேகப்படுகிறோமே என்று கூசுவான். டயோஜெனிஸின் வாதம் வாங்குபவன் பார்ப்பான் என்ற அனுமானத்தில் நிற்கிறது. நம்பிக்கையின் பேரில் அவன் பார்க்காமலிருக்கும்போது அந்த வாதத்துக்குக் கால் இல்லை. அந்நியனிடம் இரண்டு வாக்கியத்தில் முடிக்கலாம். அண்ணன் என்ற உறவு விலைபேச உதவியது என்றால் அதே உறவு கூடுதலாகப் பேசவும் வைக்க வேண்டும்.

எல்லாக் குறையையும் ஒரே தராசில் வைக்க வேண்டியதில்லை. கதவின் பெயின்ட் ஒரு சாயல் மாறியிருப்பதைப் பையனே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். ஏர்பேக் அப்படியல்ல. மோதலில் விரிந்த பைக்குப் பதிலாக, பையை ஊதும் இன்ஃப்ளேட்டரை மலிவாக வாங்கி வைப்பதும், பையே இல்லாமல் எச்சரிக்கை விளக்கை மட்டும் ஏமாற்றி அணைப்பதும் நடக்கிறது. தரமற்ற மாற்று இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து மூவர் இறந்ததையும் இருவர் மிக மோசமாகக் காயமடைந்ததையும் சொல்லி, 2024 ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை மோதிச் சரிசெய்யப்பட்ட பழைய கார்கள்.

"எனக்கே தெரியாதே, நானும் இப்படித்தான் வாங்கினேன்" என்று அண்ணன் சொல்லலாம். அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட காரின் அடையாள எண்ணை (வின்) இணையத்தில் போட்டால் பல கார்களின் ஏலப் படங்கள் இன்னும் கிடைக்கின்றன. முன்பகுதி நசுங்கியதா, பை தொங்கியதா என்று தெரிந்துவிடும். விலை பேசுவதற்கு முந்தைய நாள் ராத்திரி ஒரு பத்து நிமிட வேலை அது. அதைச் செய்யாமல் 'தெரியாது' என்று சொல்ல அண்ணனுக்கு உரிமை இல்லை.