நாயகம் (ஸல்) மறுத்த அற்புதம்

சென்ற ரமலானில் ஒரு நாள், நோன்பு திறந்து உட்கார்ந்திருந்தோம். கல்லூரியில் பௌதிகம் படிக்கும் நம் மகன் கேட்டான்: "அத்தா, இபுறாஹீம் நபியை நெருப்பு சுடவில்லை என்கிறீர்களே, விஞ்ஞானம் இதை ஒத்துக்கொள்ளுமா?" "ஈமானைக் கெடுத்துக்கொள்ளாதே" என்று அதட்டிவிட்டோம். அன்றிரவு தராவீஹுக்கு அவன் வரவில்லை.

அன்புச் சகோதரர்களே, தாய்மார்களே! கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் அருமைக் குழந்தை இபுறாஹீம் வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அது கி.பி. 632 ஜனவரி 27 என்று வானநூலார் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். குழந்தையின் மவுத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மதீனத்து மக்கள் பேசிக்கொண்டார்கள். பெருமானார் பேசாமல் இருந்திருந்தாலே போதும், அவர்கள் பெயரில் ஓர் அற்புதம் நின்றிருக்கும். ஆனால் மகனை இழந்த அந்த வேளையிலும், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், கிரகணத்துக்கு வானநூலார் சொல்லும் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே கேடு செய்கிறான் என்று 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வில் எழுதினார்கள். அதே நூலில்தான் நெருப்பையும் பஞ்சையும் பற்றிப் பேசுகிறார்கள். நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதை நாம் காண்கிறோம். எரித்தது நெருப்புத்தான் என்பதைக் காணவில்லை. அது அல்லாஹ் நடத்திவரும் வழக்கம். வழக்கத்தை வைத்தவனுக்கு அதை ஒருமுறை நிறுத்தவும் முடியும்.

திரும்பத் திரும்ப நடப்பதை அளந்து சொல்வது விஞ்ஞானத்தின் வேலை. ஒரே ஒரு தடவை நடந்த முஃஜிஸாவை அது மெய்ப்பிக்கவும் முடியாது, நடக்கவே முடியாதென்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. (ஒவ்வொரு முஃஜிஸாவுக்கும் விஞ்ஞான ஆதாரம் தேடி அலைபவர்களைக் கண்டால் நமக்குச் சங்கடமாகவே இருக்கிறது.)

இவ்வளவையும் மகனிடம் சொன்னோம். பிறகு அவன் கேட்டதுதான் கடினமான கேள்வி. "எங்கள் பேராசிரியர் நாத்திகர், யாரிடமும் ஒரு காசு வாங்கமாட்டார். நம் தெருக் கடைக்காரர் ஐவேளையும் தொழுகிறார், எடையில் குறைக்கிறாரே?"

ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்களுக்கு வழிகாட்டியாக வந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிமல்லர். குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். பெருமானாரைப் பிடித்துத் தருபவருக்கு 100 ஒட்டகம் என்று குறைஷிகள் அறிவித்திருந்தார்கள். அவரோ சொன்னபடி தௌர் குகைக்கு ஒட்டகங்களுடன் வந்து சேர்ந்தார். அவர் நாத்திகரல்லர், சிலை வணங்கியவர்தாம். ஆனாலும் ஈமான் இல்லாதவரிடம் நாணயமே இராது என்று சொல்ல நமக்கு வாய் ஏது? நன்மை தீமை அறியும் உணர்வை அல்லாஹ் எல்லா மனிதருக்கும் வைத்திருக்கிறான். மறுமையில் கேள்வி உண்டென்று நம்பிய பின்னும் தராசை அழுத்துகிறவனுக்குத்தான் கணக்குப் பெரிது. அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே குர்ஆனில் 83ஆவது சூரா இருக்கிறது.

மறுநாள் தராவீஹுக்கு மகன் நம்முடன் வந்தான். அந்தக் கடையைத் தாண்டும்போது நம் முகத்தைப் பார்த்தான். கடைக்காரர் நமக்கு வேண்டியவர். அவரிடம் நாம் இன்னும் பேசவில்லை.