சென்சார் சொன்னால் உண்மையா?

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் சிவபெருமானுக்கு வியாக்ரபுரீஸ்வரர் என்று பெயர். புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் அது. வண்டு தீண்டாத பூவை இறைவனுக்குச் சூட்ட வேண்டும் என்பது முனிவரின் விரதம். விடிந்தால் வண்டு முந்திக்கொள்ளும். இருட்டில் மரம் ஏறினாலோ கால் வழுக்கும், பூ எது மொட்டு எது என்று தெரியாது. அதனால் அவர் புலியின் காலையும் இருளில் காணும் கண்ணையும் இறைவனிடம் வேண்டிப் பெற்றார் என்கிறது புராணம். பொன்னும் பொருளும் கேட்காமல் கூர்மையான புலனைக் கேட்ட பக்தர் அவர்.

புலன் எவ்வளவு கூர்மையானாலும் அது காட்டுவது உண்மைதான் என்று எப்படித் துணிவது? இந்தியத் தத்துவங்கள் பலவும் எதிர்கொண்ட கேள்வி இது. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடக்கே, 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில், இன்ஜின்மேல் குனிந்து நிற்கும் மெக்கானிக்குகளும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஸ்கேனரில் 'பி0171' என்று ஃபால்ட் கோடு வருகிறது. கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். கலவையில் கோளாறா, அதைச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரில் கோளாறா?

1976-இல் வால்வோ காரில் பாஷ் நிறுவனம் முதன்முதலில் பொருத்திய கருவி இது. விரல் நீளமுள்ள உலோகக் குப்பி, உள்ளே சிர்கோனியா பீங்கான். ஒரு பக்கம் எக்ஸாஸ்ட் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரிக்குமேல் சூடானதும், இரு பக்கத்து ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தருகிறது. ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது முழுமையாக எரியும் கணக்கு. பெட்ரோல் மிஞ்சினால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், காற்று மிஞ்சினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும். இதைப் பார்த்துத்தான் காரின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த சென்சாருக்குப் பெட்ரோலே தெரியாது. தெரிவது ஆக்சிஜன் மட்டும். ஒரு ஸ்பார்க் பிளக் வேலை செய்யாமல் மிஸ்ஃபயர் ஆனால், அந்த சிலிண்டரின் பெட்ரோலும் ஆக்சிஜனும் எரியாமலே வெளியேறும். சென்சார் ஆக்சிஜனை மட்டும் கண்டு 'லீன்' என்கிறது. கணினி அதை நம்பி இன்னும் பெட்ரோலைக் கொட்டுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கொதித்துப் பாழாகிறது. சென்சார் பொய் சொல்லவில்லை. அது சொன்னதற்குமேல் பொருள் கொண்டதுதான் பிழை.

இந்தப் பிழையைத் துல்லியமாக வகுத்துவைத்த நூல் காஞ்சியோடு தொடர்புடையது. மணிமேகலையின் 29-ஆம் காதையில், காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவையியலைக் கற்பிக்கிறார். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று பௌத்த மரபு சொல்லும் திக்நாகரின் தர்க்க நெறி அது. காட்சி, அனுமானம் என்ற இரண்டே அளவைகள். மலையில் புகை, ஆகவே நெருப்பு என்பது அந்த மரபின் தலையாய எடுத்துக்காட்டு.

காரின் பின்னால் நின்று கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி, நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று சொல்லும் மெக்கானிக்கின் அனுமானமும் அதுவே.

ஆனால் எந்த ஏது, அதாவது எந்தக் காரணம், போலி என்பதைச் சொல்லும் இடத்தில்தான் அந்தக் காதை இன்றைய பட்டறைக்கு நேராகப் பயன்படுகிறது. 'அறியப்படுவதால் ஒலி நிலையற்றது' என்று ஒருவர் வாதிட்டால் செல்லாது. நிலையானதும் அறியப்படும், நிலையற்றதும் அறியப்படும். இரு பக்கத்துக்கும் பொதுவான ஏது எதையும் நிறுவாது. 'லீன்' என்ற அளவீடும் அப்படித்தான். எரிபொருள் பம்ப் தளர்ந்தாலும் லீன், இன்டேக்கில் காற்றுக் கசிந்தாலும் லீன், மிஸ்ஃபயர் ஆனாலும் லீன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் விரிசல்விட்டு வெளிக்காற்று உள்ளே போனாலும் லீன்.

பொதுவான ஏதுவை எப்படிப் பிரித்தறிவது? ஒன்று இருக்கும்போது மற்றது இருக்கிறதா, அது இல்லாதபோது இதுவும் இல்லாமல் போகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள் தர்க்கவாதிகள். நல்ல டியூனர் செய்வதும் அதையே. முதலில் சாட்சியைச் சோதிப்பார். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் வோல்டேஜ் 0.8-ஐத் தாண்ட வேண்டும். காலை எடுத்ததும் 0.2-க்குக் கீழே விழ வேண்டும். உடனுக்குடன் ஏறி இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது, மாற்றத் தேவையில்லை. அடுத்து, கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது என்பதைப் பார்ப்பார். ஐடிலிங்கில் அதிகமாகக் கூட்டி, வேகம் ஏற ஏறக் குறைந்தால் காற்றுக் கசிவு. வேகத்தோடும் சுமையோடும் சேர்ந்து அதுவும் ஏறினால் பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்ட் ஓரம் டிக் டிக் என்ற சத்தமும், கேஸ்கட் விளிம்பில் கரிக்கோடும் இருந்தால் விடை கண்ணெதிரே இருக்கிறது.

பந்தயக் காரில் பிழையின் விலை மிக அதிகம். முழு வேகத்தில் கலவையை வேண்டுமென்றே ரிச் ஆக, அதாவது பெட்ரோல் மிகுதியாக, 12.5, 13 என்ற அளவில் வைப்பார்கள். சாதாரண சென்சாருக்கு 14.7-க்கு எந்தப் பக்கம் என்று மட்டுமே சொல்லத் தெரியும். எவ்வளவு தூரம் என்று தெரியாது. அதற்கு வைட்பேண்ட் சென்சார் வேண்டும். டர்போ இன்ஜினில் உண்மையாகவே லீன் ஆனதைக் கவனிக்காமல் விட்டால் நாக்கிங் வந்து பிஸ்டன் உருகும்.

சரி, காட்சியும் அனுமானமும் போதுமா? 13-ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை எழுதிய அருள்நந்தி சிவாச்சாரியார் போதாது என்றார். நம்பத்தக்கவர் உரையும் வேண்டும் என்று மூன்றாவது அளவையைச் சேர்த்தார். கண்ணும் தானே காண்பதில்லை, உயிர் காட்டினால்தான் காணும்; உயிருக்கும் இறைவன் காட்ட வேண்டும் என்பது சைவ சித்தாந்தத்தின் நிலை. கருவி ஒருபோதும் தன்னளவில் நிறைவானதல்ல என்ற இந்தப் பணிவு, பக்தி நெறிக்கு வெளியிலும் செல்லும். எந்த மெக்கானிக்கும் சிர்கோனியாவின் இயல்பைத் தானே கண்டுபிடிக்கவில்லை. சர்வீஸ் மேனுவலும் ஆசானும் சொல்லித்தான் அறிந்தார். பட்டறையைப் பொறுத்தவரை சித்தியாரின் கணக்கே சரி: உரை வேண்டும். ஆனால் அந்த உரையைச் சோதிக்கும் உரிமையைத் திக்நாகர் மரபிடமிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்ததும் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து சென்சாரை மாற்றிவிட்டு, மறுவாரம் அதே ஃபால்ட் கோடோடு திரும்பி வருபவர்கள் ஏராளம். கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "சென்சாரைச் சோதித்துப் பார்த்தீர்களா, ஃபால்ட் கோடை மட்டும் படித்தீர்களா?" சோதித்த விவரத்தைச் சொல்பவரிடம் காரை ஒப்படையுங்கள்.