முகிலுக்குள் 178 விநாடிகள்



சிறு விமானம் ஓட்டப் பழகுகிறவனை, முகில் மூடும்போது ஏமாற்றுவது அவனது சொந்த உணர்வே என்றால் நம்புவீர்களா? 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தார், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 விமானிகளை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து பறக்கவிட்டுப் பார்த்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரியாக 178 விநாடிகளில்! மூன்று நிமிடங்கூட இல்லை. நல்ல வேளை, பக்கத்தில் பயிற்றுநர் இருந்தார்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. விமானம் மெல்ல மெல்லச் சரிந்து திரும்பினால், உட்காதிலுள்ள திரவம் சிறிது நேரத்தில் அதை உணர்த்தாமல் விட்டுவிடும். 'நேரே போகிறேன்' என்று மனம் சத்தியம் பண்ணும். 'சரிகிறாய்' என்று கருவி காட்டும். அவ்வேளையில் கருவியை நம்பப் பெருந் தாழ்ச்சி வேண்டும்.

மனச்சாட்சியையும் ஆண்டவர் அப்படித்தான் நம் கண்ணெதிரே வைத்திருக்கிறார். அந்திக்கு ஒரு கிளாஸ் சாராயம், கைமாற்றாக ஒரு சிறு கடன், அதை மறைக்க ஒரு பொய். சரிகிற குடும்பத் தலைவனுக்கு எல்லாம் மட்டமாகவே தெரியும். மனைவி அழுதால், கருவி பழுது என்பான்.

1920இல் பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் லொறேற்றோ மாதாவை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். மாதாவை மன்றாடுகிற மாணவனும் முகிலைக் கண்டால் திரும்பத்தான் வேண்டும். அதை அவனுக்குச் சொல்லியே கொடுக்கிறார்கள்: இறக்கையை மெல்லச் சாய்த்து, 180 பாகை, வந்த வழியே. கீழே நிற்பவர்கள் சிரிக்கலாம். இறங்கியபின் தேநீர் குடிக்கும்போது அவனும் சேர்ந்து சிரிக்கலாம்.