ஈரத்தை ஏற்கும் ஒயில்

கொட்டாஞ்சேனை கராஜ்களில் பைக்கின் பின் பிரேக்குக்கு எயார் எடுக்கும்போது பாஸின் குரல் வீதிவரை கேட்கும்: "அடி, அடி... இப்ப பிடிச்சுக்கொள் தம்பி, விடாதை." பையன் பெடலை மிதித்தபடி நிற்க, அவர் கலிப்பர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துவார். கண்ணாடிக் குழாயில் குமிழிகளோடு ஒயில் பாயும். நிப்பிளை இறுக்கிய பிறகே "இனி விடு" என்பார். கால் முந்திவிட்டால், போன காற்று அதே வழியால் திரும்பும்.

அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்றார் பாஸ்கல். பிரேக் அந்த விதியை நம்பியிருக்கிறது. காற்று நசுங்கிக்கொடுப்பதால் காலின் பலம் அதிலேயே செலவாகிவிடும். டிரயல்ஸ் பைக்கில் பாறைமேல் எழுந்து நின்றபடி ஓட்டுபவருக்கு, சில்லை ஓர் அங்குலம்கூட உருளவிடாமல் பிடிப்பது அந்தப் பெடல்தான். காற்றை எடுப்பதில் பின் பக்கம் பிடிவாதமானது. முன்னால் ஒயில் தொட்டி கைபிடியில், கலிப்பருக்கு மேலே உயர்ந்து நிற்கிறது; பின்னால் இரண்டுக்கும் உயர வித்தியாசம் குறைவு. மேலேறத் தேடும் குமிழி குழாயின் வளைவில் தங்கிவிடும். ஆகவே கலிப்பரைக் கழற்றி, பிஸ்டன் வெளியே வராதபடி பேட்களுக்கு நடுவே ஒரு கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே பார்க்கத் தூக்கிப் பிடிப்பார்கள். ஊசியில்லாச் சிரிஞ்சால் கீழிருந்து ஒயிலை ஏற்றுவதும் உண்டு.

குமிழியைப் பெடலில் காலே உணர்ந்துவிடும். ஈரம் அப்படியல்ல. வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். மே மாதம் வந்தால் தென்மேற்குப் பருவமழை. இறுக மூடிய பிரேக்கிலும் ரப்பர் குழாய் வழியே நீராவி மெல்லப் புகுகிறது. டொட் 4 ஒயிலுக்குப் புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் கொதிநிலை வேண்டும். நீர் கலந்த நிலைக்கு விதித்த அளவு 155 பாகைதான். கொதித்தால் மறுபடியும் குமிழிதான். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை.

அப்படியானால் நீரை உறிஞ்சுவது ஒயிலின் குறையா? உறிஞ்சாத சிலிக்கோன் ஒயிலை எண்ணிப் பாருங்கள். அதில் புகுந்த நீர் தனித்துளியாகித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். அது பெரும்பாலும் கலிப்பர். சூடு பிறக்கும் இடமும் அதுவே. அங்கே அந்தத் துளி 100 பாகையை ஒட்டியே கொதிக்கத் தொடங்கும், இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். சாதாரண ஒயில் நீரைத் தனக்குள் கரைத்துக்கொண்டு, எந்த இடமும் தனியே பலியாகாமல் காக்கிறது. தன் தரத்தை இழந்துதான் அது காவல் செய்கிறது. எங்கும் கசிவில்லை, பெடலும் இறுக்கமாகவே இருக்கும், யாரும் தவறு செய்யவுமில்லை. ஆனாலும் அது களைத்துவிட்டது. பழுது தெரிந்த பிறகு கவனிக்கலாம் என்றிருப்பது இத்தகைய உழைப்புக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். பிறருக்காகத் தாங்குவது எதுவானாலும், முறையிடாதபோதே அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2020 இல் வாகன இறக்குமதி நின்று, 2025 இல் மீண்டும் திறக்கும்வரை, கொழும்பு பழைய பைக்குகளைக் காப்பாற்றியே ஓடியது. அவை இன்னும் ஓடுகின்றன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவற்றின் பிரேக் ஒயிலை முழுதாக மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் சீல் உடையாத சின்ன டின்னாகக் கேட்டு வாங்குங்கள்; திறந்து வைத்த டின்னும் ஈரத்தை இழுக்கும், மிச்சத்தை அடுத்த முறைக்கு வைக்க வேண்டாம். மாற்றிய திகதியை வாகனப் புத்தகத்தோடு ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.